பசிக்கு அஞ்சாத பண்ணை: ஃபேன்னி லூ ஹேமர் அம்மையாரின் வாழ்வு



அனுதின உணவுக்காக நாம் நாள்தோறும் செபிக்கிறோம். ஆண்டவர் கற்றுத்தந்த அந்தச் செபத்தில் என் உணவு என்று நாம் கேட்பதில்லை. எங்கள் உணவு என்றே கேட்கிறோம். பலமுறை சொல்லிப் பழகிவிட்டதால் இந்த வேறுபாட்டை நாம் கவனிப்பதே இல்லை. இந்தச் சிறு வேறுபாட்டுக்காகத் தன் வாழ்வின் கடைசிப் பத்து ஆண்டுகளைச் செலவிட்ட ஒரு பெண்மணியைப் பற்றி இன்று சிந்திப்போம்.

அவர் பெயர் ஃபேன்னி லூ ஹேமர். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்து, அங்கேயே உழைத்து, அங்கேயே இறந்த கறுப்பினப் பெண். அவர் கத்தோலிக்கர் அல்லர்; பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். கறுப்பின மக்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர் என்றே உலகம் அவரை அறிந்திருக்கிறது. ஆனால் வாக்குரிமை கிடைத்த பிறகும் தன் மக்களின் அடுப்பு எரியவில்லை என்பதைக் கண்டு அவர் ஒரு கூட்டுப் பண்ணையைத் தொடங்கினார். அந்தப் பண்ணை ஏழே ஆண்டுகள்தான் வாழ்ந்தது. ஆயினும் அது நமக்குக் கற்பிக்கும் பாடம் பெரிது.

தராசு சொன்ன பொய்

1917ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், ஜேம்ஸ் லீ டவுன்சென்ட், லூ எல்லா தம்பதியருக்கு இருபதாவது குழந்தையாக, கடைக்குட்டியாக ஃபேன்னி லூ பிறந்தார். அவருக்கு இரண்டு வயதானபோது குடும்பம் சன்ஃபிளவர் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தது. மிசிசிப்பி ஆற்றுச் சமவெளியின் கரிசல் மண்ணும் பருத்தியும் நிறைந்த பகுதி அது.

அவருடைய பெற்றோர் வாரத்துக்கு உழுதவர்கள். நிலம் பண்ணையாருடையது. விதை, உரம், வீட்டுக்கு வேண்டிய மாவு, உப்பு எல்லாவற்றையும் பண்ணையாரிடம் கடனாக வாங்க வேண்டும். விளைச்சலில் பாதி பண்ணையாருக்கு. மறுபாதியில் அந்தக் கடன் கழிக்கப்படும். கணக்குப் புத்தகமும் தராசும் பண்ணையார் கையில். ஆண்டு முழுவதும் உழைத்தாலும் டிசம்பரில் கையில் எதுவும் மிஞ்சாது.

ஃபேன்னி லூவுக்கு ஆறு வயதானபோது பண்ணையார் அந்தக் குழந்தைக்கு ஆசை காட்டினார். ஒரு வாரத்தில் 30 பவுண்டு, அதாவது சுமார் 14 கிலோ பஞ்சு எடுத்துவிட்டால் கடையில் உள்ள தின்பண்டங்களை வாங்கிக்கொள்ளலாம் என்றார். குழந்தை எடுத்துவிட்டது. அதன்பின் அந்த அளவு கூடிக்கொண்டே போனதே தவிரக் குறையவில்லை. பதின்மூன்று வயதில் ஒரே நாளில் 90 கிலோவுக்கு மேல் பஞ்சு எடுக்கும் நிலைக்கு அவர் வந்துவிட்டார். இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் ஊனப்பட்டிருந்த சிறுமி அவர். பருத்தி வேலை இல்லாத குளிர்கால மாதங்களில் மட்டுமே பள்ளிக்கூடம். அதுவும் ஆறு ஆண்டுகளோடு முடிந்தது.

வீட்டில் சாப்பாடு என்பது உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கீரையும் மாவைக் கரைத்துக் காய்ச்சிய குழம்பும்தான். சில நாள்களில் ரொட்டியும் வெங்காயமும் மட்டும். அறுவடை முடிந்த காலத்தில் தாய் லூ எல்லா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பண்ணை பண்ணையாக நடப்பார். பஞ்சு எடுத்து முடித்த செடிகளில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்சத்தைப் பொறுக்கச் சம்மதம் கேட்பார். குளிரில் உறைந்த தரையில், கால்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பல மைல் நடந்து ஒரு பொதி சேர்ப்பார்கள். அதை விற்றுத்தான் குளிர்காலத்துக்கு உணவு.

இதைப் படிக்கும்போது போவாசின் வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் நினைவு நமக்கு வருகிறது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. போவாசு ரூத்துக்காகவே கதிர்களை விட்டுவைக்கச் சொன்னார். லூ எல்லாவுக்காக எவரும் எதையும் விட்டுவைக்கவில்லை.

ஒருமுறை தந்தை சிறிது பணம் சேர்த்தார். சொந்தமாக நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தார். மூன்று கோவேறு கழுதைகளும் மாடுகளும் உழவுக் கருவிகளும் வாங்கினார். குடும்பம் தலைநிமிரத் தொடங்கியது. ஓர் இரவு யாரோ தீவனத் தொட்டியில் நஞ்சைக் கலந்துவிட்டார்கள். விலங்குகள் எல்லாம் செத்தன. கறுப்பினக் குடும்பம் ஒன்று முன்னேறுவதைப் பொறுக்காத வெள்ளையர் ஒருவரின் செயல் அது என்பதைக் குடும்பத்தார் அறிந்திருந்தார்கள். ஆனால் நீதி கேட்க இடமில்லை. மீண்டும் வாரத்துக்கே திரும்பினார்கள். அந்தக் குடும்பம் அதன்பின் எழுந்து நிற்கவே இல்லை.

1944இல் ஃபேன்னி லூ, பெரி ஹேமர் என்பவரை மணந்து ரூல்வில் என்ற சிற்றூருக்கு அருகே ஒரு பண்ணையில் குடியேறினார். அங்கே பதினெட்டு ஆண்டுகள் உழைத்தார். எழுதப் படிக்கத் தெரிந்தவர் என்பதால் வேலை நேரத்தையும் பஞ்சின் எடையையும் குறிக்கும் கணக்குப் பொறுப்பு அவரிடம் வந்தது. தராசு குறைத்துக் காட்டுகிறது என்பது அவருக்குத் தெரியும். பண்ணையார் பார்க்காத நேரத்தில் தான் மறைத்து வைத்திருந்த சரியான எடைக்கல்லைத் தராசில் மாட்டி, உழைத்தவர்களுக்கு உரிய எடையைப் பதிவு செய்வார். பண்ணையார் வரும்போது பழைய கல் திரும்பிவிடும். கள்ளத் தராசை ஆண்டவர் வெறுக்கிறார் என்று விவிலியத்தில் படித்திருந்த பெண் தன்னால் இயன்ற அளவில் செய்த முதல் போராட்டம் அது.

காலத்தின் அறிகுறிகள்

1961இல் ஒரு கட்டியை அகற்றுவதற்காக மருத்துவமனை சென்ற அவருக்கு, அவரது சம்மதமின்றியே கருப்பை அகற்றப்பட்டது. தன்னைப்போலவே அப்பகுதியில் பல ஏழைக் கறுப்பினப் பெண்களுக்கு இவ்வாறு நடந்துள்ளதை அவர் பின்னர் தெரிந்துகொண்டார். ஹேமர் தம்பதியர் இரண்டு பெண் குழந்தைகளைத் தத்தெடுத்து வளர்த்து வந்தார்கள்.

1962 ஆகஸ்டு மாதம் ரூல்வில்லில் உள்ள வில்லியம்ஸ் சிற்றாலயத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஜேம்ஸ் பெவல் என்ற இளம் போதகர் லூக்கா நற்செய்தி 12ஆம் அதிகாரத்திலிருந்து மறையுரை ஆற்றினார். மேற்கே மேகம் எழுவதைக் கண்டால் மழை வரும் என்று அறிகிறவர்கள், காலத்தின் அறிகுறிகளை மட்டும் ஏன் அறியவில்லை என்று ஆண்டவர் கேட்கும் பகுதி அது. அடுத்த சில வாரங்களில், அதே ஆண்டு அக்டோபரில், உரோமையில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் கூடியது. அந்தச் சங்கத்தைக் கூட்டிய திருத்தந்தை 23ஆம் யோவானும் காலத்தின் அறிகுறிகளை அறிந்துகொள்ளுமாறு திருஅவையைக் கேட்டிருந்தார். ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு இடங்களில் ஒரே நற்செய்திச் சிந்தனை வேலை செய்திருப்பது நமக்கு வியப்பாக உள்ளது.

கறுப்பினத்தவருக்கும் வாக்களிக்க உரிமை உண்டு என்பதையே ஹேமர் அம்மையார் அந்தக் கூட்டத்தில்தான் தெளிவாக அறிந்தார். அப்போது அவருக்கு வயது 44. ஆகஸ்டு 31ஆம் நாள் பதினேழு பேருடன் ஒரு பழைய பேருந்தில் மாவட்டத் தலைநகரான இண்டியனோலாவுக்குப் பெயரைப் பதிவு செய்யப் போனார். மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதச் சொன்னார்கள். அவரால் எழுத முடியவில்லை. திரும்பும் வழியில் பேருந்தின் மஞ்சள் நிறம் சரியில்லை என்று சொல்லிக் காவல்துறை அபராதம் விதித்தது. அச்சத்தில் உறைந்திருந்த பயணிகளுக்காக அவர் பக்திப் பாடல்களைப் பாடத் தொடங்கினார். பயம் விலகியது.

அன்று மாலையே பண்ணையார் அவரை அழைத்துப் பதிவைத் திரும்பப் பெறச் சொன்னார். அவர் மறுத்தார். அன்றிரவே பண்ணையை விட்டு வெளியேற்றப்பட்டார். கணவரோ அறுவடை முடியும்வரை அங்கேயே வேலை செய்ய வேண்டியிருந்தது. பத்து நாள் கழித்து, அவர் தங்கியிருந்த நண்பரின் வீட்டில் பதினாறு குண்டுகள் பாய்ந்தன. நல்லவேளையாக அன்று அவர் அங்கு இல்லை.

1963 ஜனவரியில் அவர் அந்தத் தேர்வில் தேறினார். அதே ஆண்டு ஜூன் 9ஆம் நாள், வாக்காளர் பயிற்சி முடிந்து திரும்பும் வழியில் வினோனா என்ற ஊரில் கைது செய்யப்பட்டார். காவலர்கள் வேறு கைதிகளை ஏவி அவரை அடிக்கச் செய்தார்கள். சிறுநீரகமும் ஒரு கண்ணும் பழுதடைந்தன. அந்தப் பாதிப்பு சாகும்வரை இருந்தது. 1964 ஆகஸ்டு 22ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ஜனநாயகக் கட்சியின் மாநாட்டில் இதையெல்லாம் அவர் சாட்சியாகச் சொன்னார். தொலைக்காட்சி வழியாக நாடே கேட்டது. அடுத்த ஆண்டு வாக்குரிமைச் சட்டம் நிறைவேறியது.

பசி என்ற ஆயுதம்

இறைமக்களே, இதுவரை நாம் பார்த்தது வரலாற்று நூல்களில் உள்ள ஹேமர் அம்மையார். இனி நாம் பார்க்கப்போவது பசியை அதன் வேரில் தொட்டவர்.

பசி தானாக வருகிறது, வறட்சியாலோ வறுமையாலோ வருகிறது என்றே நாம் பெரும்பாலும் நினைக்கிறோம். மிசிசிப்பியில் அப்படி அல்ல. 1962 இறுதியில், சன்ஃபிளவருக்கு அடுத்த லெஃப்ளோர் மாவட்ட நிர்வாகம், ஏழைகளுக்குக் கொடுத்துவந்த மத்திய அரசின் இலவச உணவுப் பொருள்களை நிறுத்தியது. மாவும் அரிசியும் பால்பொடியும் நம்பிக் குளிர்காலத்தைக் கழித்துவந்த 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பட்டினியில் தள்ளப்பட்டார்கள். கறுப்பினத்தவர் வாக்காளர்களாகப் பதிவு செய்யத் துணிந்ததற்கான தண்டனை அது. செய்தி பரவியதும் வடமாநிலங்களிலிருந்து உணவும் உடையும் வந்தன. டிக் கிரகரி என்ற நகைச்சுவைக் கலைஞர் 1963 பிப்ரவரியில் விமானத்தில் சுமார் 6 டன் உணவைக் கொண்டுவந்து சேர்த்தார். ரூல்வில்லில் அத்தகைய உதவிப் பொருள்களைப் பகிர்ந்தளித்தவர்களில் ஹேமர் அம்மையாரும் ஒருவர்.

பின்னர் வேறுவகையில் பசி முற்றியது. பஞ்சு எடுக்க இயந்திரம் வந்தது. களையெடுக்க மருந்து வந்தது. 1967இல் பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, கூலியைக் கொடுப்பதற்குப் பதிலாகப் பண்ணையார்கள் ஆள்களை நிறுத்தினார்கள். இலவச உணவுக்குப் பதிலாக உணவுச் சீட்டுத் திட்டம் வந்தது. ஆனால் அந்தச் சீட்டைப் பெறவே ஆளுக்கு மாதம் 2 டாலர் கட்ட வேண்டும். வேலையே இல்லாத குடும்பம் அதற்கு எங்கே போகும்? 1967 ஏப்ரலில் ராபர்ட் கென்னடியும் ஜோசப் கிளார்க்கும் செனட் உறுப்பினர்களாக அந்தச் சமவெளியின் குடிசைகளுக்குள் சென்றபோது, வயிறு உப்பிய குழந்தைகளைக் கண்டார்கள். உலகின் மிகப் பணக்கார நாட்டில் இப்படியா என்று அமெரிக்கா அதிர்ந்தது.

அதே சன்ஃபிளவர் மாவட்டத்தில்தான் செனட் உறுப்பினர் ஜேம்ஸ் ஈஸ்ட்லாந்துக்கு ஆயிரக்கணக்கான ஏக்கர் பருத்திப் பண்ணை இருந்தது. நிலத்தின் ஒரு பகுதியைப் பயிரிடாமல் விடுவோருக்கு அரசு மானியம் அளித்தது. 1967ஆம் ஆண்டில் மட்டும் அவர் பண்ணைக்கு அத்தகைய அரசுத் திட்டங்களின்கீழ் ஒரு லட்சம் டாலருக்கும் மேல் கிடைத்தது. விளைவிக்காத நிலத்துக்குப் பணம் கிடைத்தது. விளைவிக்கத் தெரிந்தவர்களுக்கு நிலம் கிடைக்கவில்லை.

அந்த ஆண்டு ஹேமர் அம்மையாரின் வீட்டிலும் சாவு விழுந்தது. அவருடைய மூத்த வளர்ப்பு மகள் சத்துக்குறைவால் நலிந்து நோயுற்றார். அருகில் இருந்த மருத்துவமனைகள் ஏற்க மறுத்தன. 100 மைலுக்கு அப்பால் உள்ள மெம்ஃபிஸ் நகருக்குக் காரில் கொண்டுசெல்லும்போது அந்த இளம் தாய் உயிர்விட்டார். அவர் விட்டுச் சென்ற இரண்டு பெண் குழந்தைகளையும் ஹேமர் தம்பதியரே வளர்த்தார்கள்.

இந்தச் சூழலில்தான் அவர் ஒரு முடிவுக்கு வந்தார். யார் கையில் உணவு இருக்கிறதோ அவர் கையில்தான் ஏழையின் வாக்கும் வாயும் இருக்கின்றன. பண்ணையாரின் கடையை நம்பியிருக்கும்வரை பண்ணையாருக்கு எதிராக எவரும் நிற்க முடியாது. வடக்கிலிருந்து வரும் பெட்டிகளை நம்பியிருந்தால், அவை வராத மாதம் மீண்டும் பட்டினி. வீட்டின் பின்புறம் ஒரு பன்றியும், தோட்டத்தில் கொஞ்சம் காய்கறியும், நிலவறையில் பதப்படுத்திய உணவும் உள்ள குடும்பத்தைப் பட்டினி போட்டு யாரும் பணியவைக்க முடியாது என்று அவர் கண்டார்.

பன்றிகளின் வங்கி

1960களின் கடைசி ஆண்டுகளில் அவருடன் ஓர் அமைப்பு கைகோத்தது. டாரதி ஹைட் அம்மையார் தலைமையில் இயங்கிய கறுப்பினப் பெண்களின் தேசிய மன்றம் அது. அந்த மன்றம் 50 பெண் பன்றிகளையும் 5 ஆண் பன்றிகளையும் வாங்கித் தந்தது. அதை வைத்து ஹேமர் அம்மையார் தொடங்கியதைப் பன்றி வங்கி என்றே அழைத்தார்கள்.

அதன் முறை எளிது. ஒரு குடும்பத்துக்குச் சினைப்பன்றி ஒன்று கொடுக்கப்படும். அந்தக் குடும்பம் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு அதை நன்றாக வளர்க்கும். குட்டிகள் பிறந்ததும் குடும்பத்துக்கு இறைச்சிக்கும் இருப்புக்கும் வழி பிறக்கும். அதிலிருந்து ஒரு பங்கு வங்கிக்குத் திரும்பி வரும். அது அடுத்த குடும்பத்துக்குப் போகும். ஒரு பன்றி ஓர் ஈற்றில் எட்டு, பத்துக் குட்டிகள் ஈனும். எனவே வங்கியின் இருப்பு குறையாமல் வளர்ந்துகொண்டே போனது. சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் பயன் பெற்றன.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பெற்றுக்கொண்டவர் ஒவ்வொருவரும் கொடுப்பவராகவும் ஆனார். வரிசையில் நின்று கைநீட்டியவர் அடுத்த ஆண்டு தன் அண்டை வீட்டாருக்குக் குட்டியைக் கொடுக்கும் நிலைக்கு வந்தார். உதவி பெறுவதில் இருக்கும் கூச்சம் அங்கே எழவில்லை. தந்தையின் விலங்குகளுக்கு நஞ்சு வைக்கப்பட்டதைச் சிறுமியாகப் பார்த்த அதே கண்கள், இப்போது வீட்டுக்கு வீடு பன்றிக்குட்டிகள் ஓடி விளையாடுவதைப் பார்த்தன.

நாற்பது ஏக்கரில் தொடக்கம்

1865இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின் முடிவில், விடுதலை பெற்ற அடிமைக் குடும்பங்களுக்கு நாற்பது ஏக்கர் வரை நிலம் தரப்படும் என்று ஓர் ஆணை பிறந்தது. அந்த ஆண்டே அது கைவிடப்பட்டது. அதற்கு நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின், 1969இல், ஹேமர் அம்மையார் சன்ஃபிளவர் மாவட்டத்தில் நாற்பது ஏக்கர் நிலத்தை வாங்கினார். அதற்கு விடுதலைப் பண்ணைக் கூட்டுறவு என்று பெயர் வைத்தார்.

இந்த நிலம் ஒருவர் பணத்தில் வாங்கியது அல்ல. வடக்கே விஸ்கான்சின் மாநிலத்தில் இயங்கிய மெஷர் ஃபார் மெஷர் என்ற சிறு தொண்டமைப்பு முதல் தொகையைத் திரட்டித் தந்தது. அந்தப் பெயருக்கு அளவைக்கு அளவை என்று பொருள். நாம் அளக்கும் அளவையாலேயே நமக்கும் அளக்கப்படும் என்ற நற்செய்திப் போதனை நம் நினைவுக்கு வருகிறது. கள்ளத் தராசின் கீழ் வளர்ந்தவருக்குக் கிடைத்த துணையின் பெயரில் நேர்மையான அளவை இருந்தது. அந்த மாநிலத்தின் மேடிசன் நகர மாணவர்கள் பசி ஒழிப்பு நடைப்பயணம் நடத்திப் பணம் சேர்த்தார்கள். பாடகர் ஹாரி பெலஃபான்டே நிதி கேட்டுக் கடிதம் அனுப்பினார். ஹேமர் அம்மையாரோ உடல்நலம் குன்றிய நிலையிலும் ஊர் ஊராகச் சென்று பேசிப் பணம் திரட்டினார். சில ஆண்டுகளுக்குள் பண்ணையின் பரப்பு 600 ஏக்கரைத் தாண்டியது.

உறுப்பினர் கட்டணம் மாதம் ஒரு டாலர். அதைக்கூட ஒழுங்காகக் கட்ட முடிந்தவை சுமார் 30 குடும்பங்கள்தான். ஏறத்தாழ 1,500 குடும்பங்கள் பெயரளவில் உறுப்பினர்களாக இருந்தன. கட்டணம் கட்டாதவர்களை அவர் திருப்பி அனுப்பவில்லை. பட்டாணி, அவரை, வெண்டை, கீரை, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம் ஆகியவை விளைந்தன. வந்து உழைத்தவர்கள் விளைச்சலில் பங்கு எடுத்துச் சென்றார்கள். உழைக்க முடியாத முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் வீடு தேடிப் போனது. ஏழை வெள்ளையருக்கும் அங்கே இடம் இருந்தது. தன்னை அடித்தவர்களின் இனம் என்று அவர் பார்க்கவில்லை. பசிக்கு நிறம் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

நிலத்தின் கடனை அடைப்பதற்காக ஒரு பகுதியில் பருத்தியும் சோயாவும் பயிரிட்டார்கள். பண்ணையின் பணி காய்கறியோடும் நிற்கவில்லை. பண்ணையார்கள் வெளியேற்றிய குடும்பங்கள் குடியிருக்க இடமின்றித் தவித்தன. அவர்களுக்கு மனை வாங்கிக் கொடுத்து, அரசுக் கடன் பெற உதவி, வீடுகள் கட்டச் செய்தார்கள். குளிர்நீரும் வெந்நீரும் வரும் குழாயை, வீட்டுக்குள்ளேயே கழிவறையை, வாழ்நாளில் முதன்முறையாகக் கண்டவர்கள் பலர். ஏழை மாணவர்களின் படிப்புக்கும் பண்ணை உதவியது. பெண்களுக்குத் தையல் வேலை கிடைக்கவும் வழி செய்யப்பட்டது.

பண்ணை விழுந்த கதை

இங்கே நாம் கதையை முடித்துவிட்டால் அது அழகாக இருக்கும். ஆனால் உண்மையாக இருக்காது.

1971 பிப்ரவரியில் அந்தச் சமவெளியைச் சூறாவளி தாக்கியது. வீடிழந்தவர்களுக்கு உதவுவதில் பண்ணையின் பணமும் உழைப்பும் சென்றன. அடுத்த ஆண்டுகளில் ஒரு பருவம் வறட்சியும் மறுபருவம் வெள்ளமும் வந்தன. விற்பனைக்குப் பயிரிட்ட பருத்தியும் சோயாவும் பொய்த்தன. கடன் தவணை நின்றது. நன்கொடையாளர்கள் களைத்துப்போனார்கள். பண்ணையை நடத்திவந்த முக்கிய நிர்வாகி 1974இல் திடீரென்று இறந்தார். ஹேமர் அம்மையாரின் உடலும் ஒத்துழைக்கவில்லை. இரத்த அழுத்தம், சர்க்கரை நோய், அடியால் பழுதான சிறுநீரகம், பின்னர் மார்பகப் புற்றுநோய். வரி பாக்கிக்காகவும் கடனுக்காகவும் 1976இல் நிலம் கைவிட்டுப் போனது.

கணக்குப் பார்க்கிறவர்கள் இதில் ஒரு குறையைக் காண்பார்கள். விதைக்கும் இயந்திரத்துக்கும் தவணைக்கும் ஒதுக்க வேண்டிய பணத்தை, வாசலில் வந்து நின்றவர்களின் அவசரத்துக்கு அவர் எடுத்துக் கொடுத்தார். வீடு இடிந்தவருக்குக் கூரை, பட்டினி கிடந்தவருக்கு உணவுச் சீட்டுக்கான பணம், பள்ளிக்குப் போகிறவருக்குச் செருப்பு. தேர்ந்த நிர்வாகி ஒருவர் அப்படிச் செய்திருக்க மாட்டார். இன்றைய பசியா, நாளைய விளைச்சலா என்ற கேள்வி ஒவ்வொரு நாளும் அவர் முன் நின்றது. பல நாள் அவர் இன்றைய பசியைத் தேர்ந்தெடுத்தார். அதற்கு விலை பண்ணையே.

அவர் செய்தது தவறா? நாமும் இதை எண்ணிப் பார்த்தோம். எளிதாகப் பதில் சொல்ல முடியவில்லை. விதைநெல்லைச் சமைத்துவிட்டால் அடுத்த போகம் இல்லை என்பது உழவர் அறிந்த உண்மை. வாசலில் குழந்தை அழும்போது விதைநெல்லைப் பூட்டி வைப்பதும் எளிதல்ல. ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிகிறது. அந்த இரண்டு சுமையையும் ஒரே பெண்ணின் தோளில் வைத்திருக்கக் கூடாது. தொலைவிலிருந்து பணம் அனுப்பியவர்கள் சிலர் இன்னும் சில ஆண்டுகள் உடன் நின்றிருந்தால், அருகில் இருந்தவர்களில் கணக்கும் நிர்வாகமும் அறிந்த பலர் பொறுப்பைப் பகிர்ந்திருந்தால், அவர் ஒன்றுக்காக மற்றதை இழக்க வேண்டியிருந்திருக்காது.

1977 மார்ச் 14ஆம் நாள், மவுண்ட் பாயு என்ற ஊரின் மருத்துவமனையில் ஹேமர் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். வயது 59. அடக்கத் திருப்பலிக்கு நிகரான அந்த இறுதி வழிபாடு ரூல்வில்லின் அதே வில்லியம்ஸ் சிற்றாலயத்தில் நடந்தது. விடுதலைப் பண்ணை வாங்கிய நிலத்திலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் கணவரும் அவர் அருகே அடக்கம் செய்யப்பட்டார். இன்று அந்த இடம் நினைவுத் தோட்டமாக உள்ளது. அவர் இறந்த அதே 1977ஆம் ஆண்டில், உணவுச் சீட்டைப் பெற ஏழைகள் பணம் கட்ட வேண்டும் என்ற விதி சட்டத்தால் நீக்கப்பட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது மறைந்த அவருக்கு அளிக்கப்பட்டது.

நம் சிந்தனைக்கு

அவர் கட்டிய பண்ணை இன்று இல்லை. ஆனால் அதன் வழியில் கட்டப்பட்ட வீடுகளில் குடும்பங்கள் வாழ்ந்தன. பன்றி வங்கியில் வளர்ந்த குட்டிகள் குழந்தைகளின் தட்டில் உணவாயின. அந்தப் பிள்ளைகள் படித்தார்கள். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவதைப் பற்றி ஆண்டவர் சொன்னதை நாம் அறிவோம். மடிந்த மணியைத் தோல்வி என்று நாம் அழைப்பதில்லை.

அன்பர்களே, பசித்தோருக்கு உணவளிப்பதில் நாம் பின்தங்கியவர்கள் அல்லர். திருவிழா நாளில் அன்னதானம் கொடுக்கிறோம். தவக்காலத்தில் சேர்த்த பணத்தைக் கொடுக்கிறோம். மாதந்தோறும் சில குடும்பங்களுக்கு அரிசி கொடுக்கிறோம். இவை வேண்டும்; நிறுத்தக் கூடாது. ஹேமர் அம்மையாரும் முதலில் பெட்டிகளைப் பகிர்ந்தளித்துத்தான் தொடங்கினார். ஆனால் அவர் அங்கே நின்றுவிடவில்லை. இந்த மனிதர் ஏன் ஆண்டுதோறும் வரிசையில் நிற்கிறார் என்று கேட்டார். அந்தக் கேள்விதான் அவரை நிலத்துக்குக் கொண்டுபோனது.

நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம். நாம் அரிசி கொடுக்கும் குடும்பத்தின் பெயர் நமக்குத் தெரியும். அவர்களுக்கு என்ன வேலை தெரியும் என்பது தெரியுமா? சும்மா கிடக்கும் நிலம் ஒருபுறம், உழத் தெரிந்த கை மறுபுறம் இருக்கும்போது, இரண்டையும் சேர்த்துவைக்க நாம் முயன்றிருக்கிறோமா? நம்மிடம் பெற்றவர் அடுத்த ஆண்டு இன்னொருவருக்குக் கொடுப்பவராக மாறும்படி நம் உதவி அமைந்திருக்கிறதா? நம் பங்கு தனியாகச் செய்ய முடியாததை, அண்டை ஊராருடனும் பிற சபையாருடனும் பிற சமயத்தாருடனும் சேர்ந்து செய்யத் தயங்குகிறோமா? பாப்டிஸ்ட் பெண்ணொருவர் தன் ஊர் அறியாத மாணவர்களையும் தொலைவில் இருந்த பெண்கள் மன்றத்தையும் துணைக்கு அழைத்தார். துணை வந்தது.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். இத்தகைய பணியை ஒருவர் முன்னின்று தொடங்கும்போது, முதல் ஆண்டில் நாம் எல்லாரும் கைதட்டுகிறோம். மூன்றாம் ஆண்டில் வெள்ளம் வரும்போது எத்தனை பேர் அவருடன் நிற்கிறோம்? விடுதலைப் பண்ணை விழுந்தது விதை கெட்டதால் அல்ல. துணை நின்ற தோள்கள் போதாமல் விழுந்தது.

அடுத்த முறை ஆண்டவர் கற்றுத்தந்த செபத்தைச் சொல்லும்போது, எங்கள் என்ற அந்தச் சொல்லில் சற்று நிற்போம். அந்தச் சொல்லுக்குள் யாரெல்லாம் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.